ஒளிக்கல்லும் திருநாமமும்: ‘தி 99’ சித்திரக்கதையை முன்வைத்து

சித்திரக்கதையைச் சிறுபிள்ளை விளையாட்டென ஒதுக்கும் வழக்கம் நம் அறிஞர்களிடையே இன்னும் மறைந்தபாடில்லை. 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வெளிவரத் தொடங்கிய பின், கோவைக் கோட்டைமேட்டுப் பிள்ளைகளும் கொங்குநாட்டின் ஏனைய பிள்ளைகளைப் போலவே இரும்புக்கை மாயாவியின் வழியே வீரத்தைக் கற்பனை செய்து வளர்ந்தனர். அந்த நாயகர்கள் பெரும்பாலும் மேலைநாட்டார். 1997 நவம்பர் இறுதிக் கலவரத்துக்கும் 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்புகளுக்கும் பின்னர் முஸ்லிம் பெயர்கள் செய்தித்தாளிலும் திரையிலும் எந்த வேடத்தில் வந்தன என்பதை இவ்வட்டாரத்தார்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆகவே, அப்பெயர்களை வீரர்களுக்குச் சூட்ட முனைந்த ஒரு படைப்பை நாம் அலட்சியமாகக் கடந்துவிட இயலாது.

குவைத்தைச் சேர்ந்த உளவியலாளர் நாயிஃப் அல்முதவ்வா 2006இல் தொடங்கிய தொடர் ‘தி 99’. 1258இல் ஹுலாகுவின் படை பாக்தாதைச் சூறையாட, அழிந்த நூல்களின் அறிவொளி 99 கற்களில் சேமிக்கப்படுகிறது. அவை அந்தலூசை அடைந்து, பின்னர் உலகெங்கும் சிதறுகின்றன. நம் காலத்தில் அக்கல் வாய்க்கப்பெறும் இளைஞர் ஒவ்வொருவரும் ஓர் ஆற்றலையும் அஸ்மாவுல் ஹுஸ்னாவிலிருந்து ஒரு பெயரையும் பெறுகின்றனர். சவூதியின் ஜப்பார், அமீரகத்தின் நூரா, யமனின் பாத்தினா எனப் பல நாட்டார் இதில் உண்டு. ஆணும் பெண்ணும் தனித்திராதபடி மூவர் மூவராகச் செயற்படுவது ஆசிரியரின் நுட்பமான ஏற்பாடு. தொழுகையோ மறைவசனமோ கதையில் இடம்பெறுவதில்லை.

திருநாமங்களை மனிதர்க்குச் சூட்டுவது இணைவைப்பாகாதா என்ற கண்டனம் தொடக்கத்திலேயே எழுந்தது. 2014இல் சவூதி மார்க்க அறிஞர்களும் கடுமையாகக் கண்டித்தனர். ‘அல்’ என்னும் முன்னொட்டை நீக்கிய பெயர்களே இவை என்பது ஆசிரியரின் விடை. இவ்விடையைச் சாமர்த்தியம் என்று தள்ளிவிட முடியாது. நபிகள் நாயகத்தை (ஸல்) ரஊஃப், ரஹீம் எனக் குர்ஆனே குறிப்பிடுகிறது (9:128). மனிதனைச் செவியுறுபவன், பார்ப்பவன் என்றும் சொல்கிறது (76:2). எனவே பெயர்சூட்டலில் குற்றம் காண்பது எனக்கு உடன்பாடன்று. குறை வேறோரிடத்தில் உள்ளது.

இமாம் கஸ்ஸாலி தமது ‘அல்மக்ஸதுல் அஸ்னா’வில் ஒவ்வொரு திருநாமத்திலும் அடியானுக்குரிய பங்கு யாது என ஆராய்கிறார். அப்பங்கு பயிற்சியால், நஃப்ஸை வெல்வதால் கிடைப்பது. ‘தி 99’இலோ கல் கிடைத்தவனுக்குக் குணமும் ஆற்றலும் கூடவே வந்துவிடுகின்றன. மலக்குகள் ஒளியால் ஆனவர்கள், இட்ட ஆணையை மீறாதவர்கள். ஆயினும் பெயர்கள் கற்பிக்கப்பட்டது ஆதமுக்கே (2:31). தவறக்கூடியவன், கற்றுத் தேறக்கூடியவன் என்பதால்தான் மனிதனுக்குக் கதை உண்டு. வீரனை ஒளிக்கல்லால் பாதி மலக்காக்கிவிட்டால் கதைக்கு என்ன வேலை மிஞ்சும்?

ஜப்பாரையே எடுத்துக்கொள்வோம். கண்ணிவெடியில் சிக்கிப் பேருருவான இளைஞன், தன் வலிமையை அடக்கத் தெரியாமல் தொட்டதையெல்லாம் உடைக்கிறான். தொடரின் நகைச்சுவைக்கு இது நல்ல ஊற்று, சிரிக்கவும் செய்தேன். ஆனால் ‘ஜப்ர்’ என்னும் வேர்ச்சொல்லுக்கு அடக்கியாளுதல் மட்டுமல்ல, முறிந்த எலும்பைப் பொருத்துதல் என்றும் பொருள் உண்டு. (கணிதத்தில் நாம் அறிந்த அல்ஜிப்ராவும் இவ்வேரிலிருந்து வந்ததே.) எலும்பு முறிந்தால் சிங்காநல்லூர் வைத்தியசாலையில் கட்டுப் போட்டுக்கொள்ளும் கொங்கு மக்களுக்கு ஜப்பாரின் இந்தப் பொருள் எளிதில் விளங்கும். தசைபுடைத்த மேலைநாட்டு வார்ப்பில் ஊற்றியதால் அந்த மருத்துவனைத் தொடர் இழந்துவிட்டது. மார்வெல், டிசி நிறுவனங்களில் பழகிய கரங்கள் வரைந்தமையால் வார்ப்பும் அவர்களுடையதே ஆயிற்று. 2010இல் டிசி நாயகர்களோடு கைகோத்தபோது இவ்வொற்றுமை இன்னும் வெளிப்படையாயிற்று.

விதிவிலக்கு ஒருவன் உண்டு: சக்கர நாற்காலியில் இயங்கும் அமெரிக்கன் தார்ர். நரம்புகளின் வழியே பிறருக்கு வலியைத் தரவும் வலியைத் தடுக்கவும் வல்லவன். ‘அத்தார்ர்’ என்னும் நாமத்தைத் தனித்து உரைக்காமல் ‘அந்நாஃபிஃ’ உடன் சேர்த்தே ஓத வேண்டும் என்பர் உலமாக்கள். தீங்கும் நன்மையும் ஒரே நாட்டத்தில் அடங்கியவை. அந்த இணையை ஒரே உடலுக்குள், அதுவும் தானே வலியை அறிந்த உடலுக்குள், இப்படைப்பு கொண்டுவந்திருக்கிறது. 2013இல் நின்றுபோன இத்தொடரில் மீண்டும் புரட்டத் தக்க பக்கங்கள் அவனுடையவை.