களிம்பும் கரியும்

செம்பில் களிம்பு ஏறினால் நமக்குப் பொறுக்காது. புளி போட்டுத் துலக்கினால்தான் நிம்மதி. உயிரை அநாதியாகப் பற்றிய ஆணவ மலத்துக்குச் சைவ சித்தாந்தம் சொன்ன உவமையும் அதுவே. எலவனாசூர்கோட்டைச் சிவன் கோயிலில் குடம் துலக்குகிறவருக்கும் சித்தாந்தப் புலவருக்கும் களிம்பு நீக்க வேண்டிய ஒன்று.

அந்த வேதிமாற்றத்தையே சிற்பத்தின் தோலாக்கியவர் பி.வி. ஜானகிராம். கே.சி.எஸ். பணிக்கர் 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் தொடங்கிய சோழமண்டல ஓவியர் கிராமத்தைச் சேர்ந்த அவர், செப்புத் தகட்டைத் தட்டி, வெட்டி, பற்றவைத்து, கருக்கினார். அதே கிராமத்தின் எஸ். நந்தகோபால் செம்பையும் பித்தளையையும் வெல்டிங் செய்து எனாமல் ஏற்றினார். மெழுகு வார்ப்பில் ஸ்தபதியின் விரல் முதலில் படுவது மெழுகில். உலோகம் பிறகுதான் வருகிறது. இங்கே தொடக்கம் முதலே தகடுதான். பற்றவைத்த தழும்பைத் தேய்த்து மறைக்காமல் கோடாக விட்டுவிடுகிறார்கள். முன்பக்கம் மட்டுமே பார்க்கும் அந்த அமைப்பில் திருவாசியும் கவசமும் நினைவுக்கு வருவது தற்செயல் அல்ல. மேல்நாட்டு அருவத்தைக் கடன் வாங்காமலே நவீனமாக முடியும் என்று இவர்கள் காட்டியது பெரிய காரியம்.

ஆனால் இத்தனை நெருப்புக்கும் ரசாயனத்துக்கும் பிறகு ஜானகிராமிடம் பல நேரம் எழுந்து வருவது பிள்ளையாரோ கிறிஸ்துவோதான். கருமை பள்ளங்களில் படிந்து பழமையின் ஒப்பனையாகிவிடுகிறது. வரவேற்பறைக்கு உறுத்தாத பழமை! பொருள் மாறுகிறது, உருவம் அசையவில்லை.

குஜராத்தின் ஜெராம் படேல் அந்தத் தயவையும் காட்டவில்லை. 1963இல் டெல்லியில் கண்காட்சி நடத்திய ‘குரூப் 1890’ ஓவியர் குழுவைச் சேர்ந்த அவர், ஊதுவிளக்கால் மரப்பலகையைக் கரியாக்கினார். உருவம் இல்லை, திருத்தமும் இல்லை, எரிந்தது எரிந்ததுதான். எலவனாசூர்கோட்டையிலிருந்து சேலம் சாலையில் போனால் வருகிற கள்ளக்குறிச்சியின் மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடே உண்டு. அங்குள்ள பட்டறையில் அப்படிக் கருகிய பலகை அடுப்புக்குத்தான் போகும். நாலைந்து பலகை பார்த்ததும் அடுத்தது எப்படியிருக்கும் என்று ஊகிக்க முடிவது படேலின் குறை. என்றாலும் வேதிமாற்றம் அவரிடம் அலங்காரம் அல்ல, அதுவே படைப்பு. அருவம் என்று பார்த்தால் என் ஓட்டு அவருக்கே.

செம்பு இன்னமும் மாறிக்கொண்டிருக்கிறது. கடற்காற்று பட்டால் பச்சை பூக்கும், கருமை திட்டுத்திட்டாகும். காட்சிக்கூடங்கள் அதன்மேல் மெழுகோ அரக்குப்பூச்சோ தடவி, சிற்பி தொடங்கிவைத்த வேதியியலை அந்த இடத்திலேயே நிறுத்தப் பார்க்கின்றன.