வினாவுத்தரம்: கடைசிக் கேள்விதான் காவல்
குறுக்கெழுத்து விடைகளைக் கோத்து இன்னொரு விடை எடுக்கிற விளையாட்டு தமிழுக்குப் புதுசில்லை. தண்டியலங்காரத்தில் அதன் பெயர் வினாவுத்தரம்.

அங்கே உதாரணப் பாட்டில் முதல் நாலு கேள்விக்கும் விடை: திரு, ஏகு, அம்பு, அம். அதிகம் யோசிக்கிறவர் திருமகள், அம்பு, அழகு மூன்றையும் முடிச்சுப் போட்டு ‘மன்மதன்’ என்பார். சுவையான விடைதான். ஆனால் ‘ஏகு’ அநாதையாக நிற்கும். ஐந்தாவது கேள்வியோ சிவன் உறையும் இடத்தைத்தான் கேட்கிறது. நாலையும் வரிசையாகச் சேர்த்தால் போதும்: திருவேகம்பம், காஞ்சிபுரத்துக் கோயில்.

நம்ம பக்கத்து ஊருக்கும் இப்படிப் போடலாம். நெற்றியில் இடுவது நாமம், சிற்பி செதுக்குவது கல். சேர்த்தால் எந்த ஊர்? நாமக்கல். நாமகிரித் தாயார், ராமானுஜன் என்று சுற்ற வேண்டாம். எவ்வளவு ஆழமாகத் தெரிந்தாலும், ஒரு துண்டை மிச்சம் வைக்கிற விடை தப்புதான்.