நழுவும் முடிச்சை எப்படி அளப்பது?

பிரூசிக் முடிச்சு ஒன்றை இழுவை இயந்திரத்தில் மாட்டிப் பார்த்தால், பல சமயம் எதுவும் அறுவதில்லை. 11 மில்லிமீட்டர் பிரதான கயிற்றின் மேல் 8 மில்லிமீட்டர் துணைக்கயிற்றை மும்மூன்று சுற்றாகச் சுற்றி, ஹைட்ராலிக் தண்டு மெல்ல இழுக்கத் தொடங்கியதும் சுற்றுகள் இறுகுகின்றன. அடியில் இருக்கும் கயிறு இடுப்பு சிறுத்ததுபோல் ஒடுங்குகிறது. திரையில் எண் ஏறிக்கொண்டே போய், ஓரிடத்தில் தயங்கி, சட்டென்று இறங்குகிறது. முடிச்சு ஒரு விரற்கடை நகர்ந்திருக்கிறது. மறுபடி பிடிக்கிறது, மறுபடி நகர்கிறது. இயந்திரத்தை நிறுத்தி முடிச்சைத் தள்ளிப் பார்த்தால், அது உட்கார்ந்திருந்த இடத்தில் கயிற்றின் மேலுறை பளபளவென்று கண்ணாடி பூசியதுபோல் இருக்கும். விரலால் தடவினால் வழவழப்பு தெரியும். அந்த ஓர் அங்குலத்தில் நைலான் உருகி உறைந்திருக்கிறது.

இந்தச் சோதனையின் முடிவாக அறிக்கையில் ஏறுவது ஒரே ஓர் எண்: இத்தனை கிலோநியூட்டன். மலையேறுபவர்களும் மீட்புக் குழுவினரும் மரமேறித் தொழில் செய்பவர்களும் அந்த எண்ணை வைத்துத்தான் எந்த முடிச்சு மேல், எது தாழ்வு என்று பேசிக்கொள்கிறார்கள். இழுத்துப் பார்க்கும் இந்தப் பழக்கத்தை நான் மதிக்கிறேன். உயிரைத் தொங்கவிடும் பொருளைச் சோதிக்காமல் நம்பச் சொல்பவரை விட, சோதித்துக் காட்டுபவர் பல மடங்கு மேலானவர். ஆனால் இந்தச் சோதனை முறை சங்கிலிக்கும் இரும்புக் கொக்கிக்கும் உருவானது. அவை எப்போது உடையும் என்பதே அங்கே கேள்வி. பிரூசிக் போன்ற உராய்வு முடிச்சிடம் கேட்க வேண்டியது வேறு. எவ்வளவு எளிதாகப் பிடிக்கிறது, எந்தச் சுமையில் நழுவுகிறது, நழுவிய பிறகு என்ன ஆகிறது என்பவைதான் அதன் குணங்கள். உடையும் எண் இவற்றில் எதையும் முழுதாகச் சொல்வதில்லை.

ஆஸ்திரிய மலையேறி கார்ல் பிரூசிக் தம் பெயரால் வழங்கும் முடிச்சை 1931ல் எழுதி வெளியிட்டபோது, மலையில் புழங்கியது முறுக்கிய நார்க்கயிறு. அதன் புரிகளில் துணைக்கயிறு பதிந்து உட்காரும். 1953ல் ஜெர்மனியின் எடல்ரிட் நிறுவனம் உள்ளிழையும் பின்னிய மேலுறையுமான கயிற்றைக் கொண்டுவந்த பிறகு, முடிச்சுக்குக் கிடைத்த தளமே மாறிவிட்டது. முடிச்சு அதேதான், பெயரும் அதேதான். அது பற்றிக்கொள்ளும் பொருள் அதே பொருள் இல்லை. மரமேறிகள் நம்பும் பிளேக் முடிச்சுக்கோ பெயரே பிந்தித்தான் வந்தது. 1981ல் ஹைன்ஸ் புரோஹாஸ்கா ஓர் ஆஸ்திரிய இதழில் அதை விவரித்தார். 1994ல் அமெரிக்காவில் ஜேசன் பிளேக் எழுதிய பிறகே அது பரவலாகி அவர் பெயரைப் பெற்றது.

சுற்றிய கயிறு ஏன் பிடிக்கிறது என்பதற்கு நம் கண்முன்னே சான்று உண்டு. படகுத்துறையில் கயிற்றை முளையில் இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை ஒரு கையால் பிடித்தபடி பெரிய படகை ஒருவர் நிறுத்திவிடுகிறார். ஒவ்வொரு சுற்றும் பிடியைக் கூட்டுவதில்லை, பெருக்குகிறது. உராய்வுக் கெழு 0.25 என்றால் ஒரு முழுச் சுற்று கையின் இழுப்பை ஏறக்குறைய 4.8 மடங்காக்கும்; இரண்டு சுற்று 23 மடங்கு; மூன்று சுற்று 111 மடங்கு. அதே கெழு 0.15 ஆகக் குறைந்தால் மூன்று சுற்றின் பெருக்கம் 17 மடங்குதான். முளையும் முடிச்சும் ஒன்றல்ல. முடிச்சில் சுற்றுகள் ஒன்றையொன்று நெருக்குகின்றன, அடிக்கயிறும் நசுங்குகிறது. ஆனாலும் இந்தக் கணக்கு ஓர் உண்மையைப் பிடித்துக் காட்டுகிறது: உராய்வில் சிறிய மாற்றம், பிடியில் பெரிய மாற்றம். கயிறு புதியதா பழையதா, ஈரமா சேறா பனியா, மேலுறை சொரசொரப்பா வழவழப்பா என்பதெல்லாம் அந்த 0.25க்கும் 0.15க்கும் நடுவே விளையாடுகின்றன. ஆகவே ஒரு கயிற்றில் கிடைத்த எண்ணை இன்னொரு கயிற்றுக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது.

துணைக்கயிற்றுக்கு ஐரோப்பியத் தரநிலை இருக்கிறது, இ.என். 564. அதன்படி 6 மில்லிமீட்டர் கயிறு குறைந்தது 7.2 கிலோநியூட்டன் தாங்க வேண்டும், 7 மில்லிமீட்டர் 9.8, 8 மில்லிமீட்டர் 12.8. ஒரு கிலோநியூட்டன் என்பது சுமார் 100 கிலோ எடை. கடையில் இந்த எண்ணைப் பார்த்து வாங்குபவர், முடிச்சும் அவ்வளவு தாங்கும் என்று எண்ணுவது இயல்பு. தரநிலை பேசுவது கயிற்றைப் பற்றி. அந்தக் கயிறு இன்னொரு கயிற்றின் மேல் முடிச்சானால் எங்கே பிடிக்க வேண்டும், எங்கே விட வேண்டும் என்று அது ஒரு வரியும் சொல்வதில்லை. முடிச்சு தொழிற்சாலையில் தயாராவதில்லை, கட்டுபவர் கையில் தயாராகிறது. சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கிடந்தால் அது வேறு முடிச்சு.

சோதனைகளால் கிடைத்த நன்மையைக் குறைத்துச் சொல்லக் கூடாது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 1980களில் மீட்புக் குழுவினர் வகுத்த விழுதல் சோதனை இந்தத் துறையையே திருப்பிப்போட்டது. மீட்பவரும் காயம்பட்டவரும் சாமான்களுமாக 200 கிலோ. 3 மீட்டர் கயிறு. 1 மீட்டர் விழுதல். பின்கயிற்றில் இருக்கும் பாதுகாப்பு அமைப்பு அதை மேலும் 1 மீட்டருக்குள் நிறுத்த வேண்டும், உச்ச விசை 15 கிலோநியூட்டனைத் தாண்டக் கூடாது. அதுவரை ஒருவர் எடைக்குப் போதுமானவையாக இருந்த பல முறைகள் இந்தச் சோதனையில் தோற்றன. இரண்டு பிரூசிக் முடிச்சுகளை ஒன்றன்பின் ஒன்றாக வைக்கும் இரட்டை பிரூசிக் முறை தேறியது. அது தேறியதற்குக் காரணம் வெறும் பலமல்ல. 1 மீட்டர் விழுந்த 200 கிலோ சுமார் 2 கிலோஜூல் ஆற்றலோடு வருகிறது. அந்த ஆற்றல் எங்காவது போயாக வேண்டும். முடிச்சு கொஞ்சம் நழுவி அதை வெப்பமாகச் செலவழித்தது. நழுவாத பிடியாக இருந்திருந்தால் அந்த விசை முழுவதும் கயிற்றிலும் நங்கூரத்திலும் மனித உடம்பிலும் போய் இறங்கியிருக்கும். நழுவுவது குறையென்று நினைத்தவர்களுக்கு அது குணம் என்று காட்டியது இந்தச் சோதனை. எனக்குத் தெரிந்தவரை, உராய்வு முடிச்சைப் பற்றிய மிக முக்கியமான அறிவு இதுதான், அது சோதனை இல்லாமல் வந்திருக்காது.

பல் வைத்த ஏறுகருவிகளோடு ஒப்பிட்டால் இது இன்னும் துலங்கும். அந்தக் கருவிகளுக்கான தரநிலை இ.என். 567 கேட்பது 4 கிலோநியூட்டன் இழுப்பைத் தாங்குவதை. அதற்கு மேல் போகும்போது பற்கள் மேலுறையைக் கிழிக்கத் தொடங்கிவிடுகின்றன. கிழிந்த உறை உரிந்து போனால் பிடிப்பதற்கு எதுவும் மிஞ்சாது. முடிச்சு நழுவினால் கயிறாவது கையில் இருக்கிறது.

இனி குறைகள். மெல்ல இழுக்கும் இயந்திரத்தில் உராய்வால் பிறக்கும் சூடு ஓரளவாவது ஆறுவதற்கு நேரம் கிடைக்கிறது. விழுதலில் அது ஒரு கணத்தில், ஓர் அங்குலத்தில் குவிகிறது. நைலான் 6 சுமார் 220 டிகிரியில் உருகும், நைலான் 6,6 சுமார் 260 டிகிரியில். டைனீமா 145 டிகிரி அளவிலேயே உருகிவிடும், அதோடு அது பிறவியிலேயே வழுக்கும் இழை. ஆகவே இழுவை இயந்திரத்தில் கிட்டத்தட்டச் சமமாக நிற்கும் இரு பொருள்கள், திடீர் விழுதலில் முற்றிலும் வேறாக நடந்துகொள்ளலாம். அராமிட் இழைகள் உருகுவதில்லை என்பதால் சூட்டுக்கு அவை நல்லவை. அவற்றின் பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. டாம் மோயர், பால் டஸ்டிங், கிறிஸ் ஹார்ம்ஸ்டன் மூவரும் 2000ல் வெளியிட்ட துணைக்கயிறு ஒப்பீட்டில், அராமிட் வகையான டெக்னோரா கயிறு திரும்பத் திரும்ப வளைக்கப்பட்ட பிறகு பலத்தில் பெரும்பகுதியை இழந்தது தெரிந்தது. புதிய கயிற்றை மட்டும் இழுத்திருந்தால் இது வெளியே வந்திருக்காது. பெரும்பாலான முடிச்சுச் சோதனைகள் இன்றும் புதிய கயிற்றில், வறண்ட அறையில், பொறுமையாகச் சீர்செய்து கட்டிய முடிச்சில்தான் நடக்கின்றன. மலையில் அப்படி ஒரு முடிச்சும் கிடையாது.

மூன்று அல்லது ஐந்து மாதிரிகளை இழுத்து அதன் சராசரியை வெளியிடுவது இன்னொரு சங்கடம். சராசரி 8 கிலோநியூட்டன் என்றால் ஐந்தும் 8ஐ ஒட்டி நின்றனவா, அல்லது ஒன்று 4ல் நழுவி இன்னொன்று 12ல் அறுந்ததா? இரும்புப் பொருளுக்குச் சராசரி ஓரளவு பேசும், ஏனெனில் சிதறல் குறைவு. முடிச்சில் சிதறல்தான் செய்தி. மலையேற்றக் கருவி செய்யும் சில நிறுவனங்கள், சராசரியிலிருந்து மூன்று திட்டவிலக்கத்தைக் கழித்த எண்ணைத்தான் பொருளின் மேல் அச்சிடுகின்றன. முடிச்சுகளை இழுத்துக் காட்டும் காணொளிகளும் அறிக்கைகளும் குறைந்தபட்சம் மிகத் தாழ்ந்த எண்ணையாவது முதலில் சொல்ல வேண்டும். இப்போது பெரும்பாலும் மிக உயர்ந்த எண்தான் தலைப்பில் வந்து நிற்கிறது.

எல்லாவற்றையும் விடப் பெரிய விடுபடல், கை. இயந்திரத்தில் முடிச்சு தனியாக நிற்கிறது. மலையில் அதன்மேல் ஒரு கை இருக்கிறது. கயிற்றில் இறங்கும்போது முடிச்சைக் கீழே இழுத்துக்கொண்டே வருவது கைதான்; முடிச்சு பிடிக்க வேண்டுமென்றால் அந்தக் கை விட வேண்டும். கால் வழுக்கிய மனிதர் கையில் இருப்பதை விடுவதில்லை, இறுக்கிப் பிடிக்கிறார். முடிச்சை இறுக்கிப் பிடித்தால் அது இறுகாது, கையோடு சேர்ந்து கீழே ஓடும். குகையில் இறங்குபவர்கள் இதைப் பல தலைமுறையாக அறிவார்கள். மீட்புத்துறையிலும் இரட்டை பிரூசிக் மீது வந்த விமர்சனத்தின் மையம் இதுதான்: கயிறு ஓடிக்கொண்டிருக்கும்போது இயக்குபவரின் கை விடத் தாமதித்தால், சோதனையில் தேறிய முடிச்சும் தோற்கிறது. மீட்புத்துறை நிபுணர் கிர்க் மோத்னர் 2014ல், பலம் சுமையின் பத்து மடங்கு என்ற 10:1 பாதுகாப்பு விகிதத்தைத் தாண்டிச் சிந்திக்க வேண்டும் என்று வாதாடியதும், விசையை ஒரு வரம்புக்குள் நிறுத்தும் அமைப்புகளை முன்வைத்ததும் இந்தப் பின்னணியில் வைத்துப் படிக்கத்தக்கவை. பலத்தை மட்டும் பெருக்கிக்கொண்டே போவதால் இந்த ஆபத்து குறையாது.

கயிற்றில் இறங்கும்போது பிரேக் கருவிக்குக் கீழே, ஹார்னஸின் தொடைப்பட்டையில் மாட்டிப் போடும் ஆட்டோபிளாக் முடிச்சை எடுத்துக்கொள்வோம். அது உடல் எடை முழுவதையும் தாங்குவதில்லை. எடையின் பெரும்பகுதியைக் கருவி தாங்குகிறது. பிரேக் கையின் வேலையை மட்டும் முடிச்சு செய்கிறது. அதை இயந்திரத்தில் மாட்டி, 5 கிலோநியூட்டன் தாங்கியது என்று அறிவிப்பவர் யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறார். அங்கே நடக்கும் தோல்வி வேறு வகை. முடிச்சின் வளையம் கொஞ்சம் நீளமாக இருந்தாலோ, இறங்குபவர் சாய்ந்து தொடை மேலே எழும்பினாலோ, முடிச்சு மேலே போய் பிரேக் கருவியில் முட்டும். முட்டிய மாத்திரத்தில் சுற்றுகள் தளர்ந்து பிடி விட்டுப்போகும். இதைத் தவிர்க்கத்தான் பிரேக் கருவியை ஸ்லிங் என்னும் நாடா வளையத்தால் ஹார்னஸிலிருந்து தள்ளி உயரத்தில் வைக்கிறார்கள். இந்தத் தோல்வியைச் சோதிக்க ஹைட்ராலிக் தண்டு தேவையில்லை. தரைக்கு அரை அடி மேலே தொங்கி, தொடையைத் தூக்கிப் பார்த்தால் போதும்.

இந்த வகையில், இயந்திரமே இல்லாத சோதனைகளுக்குக் கிடைக்க வேண்டிய மரியாதை கிடைக்கவில்லை என்பது என் எண்ணம். மீட்புக் குழுக்களில் துணைக்கயிறு வாங்கும்போது அதை மடித்து, மடிப்பை இரு விரலால் நெருக்கிப் பார்ப்பார்கள். மடிப்புக்குள் எஞ்சும் இடைவெளி கயிற்றின் தடிமனை விடக் குறைவாக இருந்தால் அந்தக் கயிறு பிரூசிக்குக்கு ஏற்றபடி மென்மையானது. விறைத்த கயிறு பெருத்த இடைவெளியைக் காட்டும். அது எத்தனை கிலோநியூட்டன் தாங்கினாலும், முதல் கணத்தில் கயிற்றைக் கவ்வாது. கவ்வாத முடிச்சுக்குத் தன் பலத்தைக் காட்ட வாய்ப்பே வராது. சில விநாடியில் முடியும் இந்தச் சோதனை, இழுவை இயந்திரம் தவறவிடும் குணத்தை நேராகத் தொடுகிறது.

ஏறுபவர் ஒவ்வொருவரும் செய்ய வேண்டிய சோதனையும் இதே வகைதான். நங்கூரத்தோடு இணைத்திருக்கும் ஸ்லிங்கைக் கழற்றுவதற்கு முன், முடிச்சின் மேல் முழு எடையையும் இறக்கி, இரண்டு முறை குலுக்கி உட்கார்ந்து பார்ப்பது. இது இந்தக் கயிற்றை, இந்த நாளின் ஈரத்தை, இந்தக் கை கட்டிய முடிச்சைச் சோதிக்கிறது. எந்த ஆய்வகமும் தர முடியாத விவரம் அது. அதன் எல்லையும் தெளிவு: 80 கிலோ எடை தருவது சுமார் 0.8 கிலோநியூட்டன்தான். அதில் நின்ற முடிச்சு, ஒரு மீட்டர் விழுதலிலும் நிற்கும் என்பதற்கு அது உத்தரவாதம் தராது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் ஆய்வகம் தேவை. பழைய கயிற்றில், நனைத்த கயிற்றில், வேண்டுமென்றே அரைகுறையாகக் கட்டிய முடிச்சில், எடையை விழவைத்துப் பார்க்கும் சோதனைகள்தான் இனி பெருக வேண்டும்.

அவற்றோடு இரண்டு அளவுகளையும் சேர்த்துக் குறிக்கலாம், இதற்குப் புதிய இயந்திரம் எதுவும் வேண்டாம். முதலாவது, சுமை ஏறி நின்ற பிறகு முடிச்சைக் கையால் தளர்த்த முடிகிறதா என்பது. ஆட்டோபிளாக் சுமை இருக்கும்போதே தளரும். பிரூசிக் தளராது, அதனால்தான் மீட்புக் குழுக்கள் சுமையை விடுவிக்கத் தனி அமைப்பை அதன் பின்னால் கட்டுகின்றன. இந்த வேறுபாடு இழுவை அட்டவணைகளில் ஓர் ஓரத்திலாவது இடம் பெற வேண்டும். இரண்டாவது, ஒரு முறை நழுவி, உறை வழவழப்பான பிறகு, அதே முடிச்சை அவிழ்க்காமல் அதே இடத்தில் மறுபடி இழுத்தால் எந்தச் சுமையில் நழுவுகிறது என்பது. பெரும்பாலும் முதல் நழுவலோடு அறிக்கை முடிந்துவிடுகிறது. கயிற்றில் தொங்குபவருக்கு அதன் பிறகும் அதே முடிச்சில்தான் தொங்க வேண்டியிருக்கிறது.