உருமாற்ற மொழிகளும் விதிகளின் எல்லையும்

தரவுகளையும் மாதிரியுருக்களையும் ஒரு வடிவிலிருந்து இன்னொரு வடிவுக்கு மாற்றும் கணினி மொழிகளை அவற்றின் வேகத்தையும் வசதியையும் கொண்டே மதிப்பிடும் போக்குப் பரவலாகக் காணப்படுகின்றது. எவ்வுள்ளீட்டுக்கும் பொருந்துவன எனக் கணித முறையில் நிறுவத்தக்க அவற்றின் பண்புகள் உரிய கவனத்தைப் பெறுவதில்லை. அப்பண்புகளின் பயனையும் எல்லையையும் இருவழி உருமாற்றத்தைக் கொண்டு நோக்குவோம்.

ஊழியரின் பெயர், முகவரி, சம்பளம் அடங்கிய அட்டவணையிலிருந்து பெயரையும் முகவரியையும் மட்டும் பிரித்தெடுத்து ஒருவரிடம் கொடுப்பதாகக் கொள்வோம். அவர் செய்யும் திருத்தங்கள் மூல அட்டவணையையும் சென்றடைய வேண்டும். 2005இல் பொஸ்டர், பியேர்ஸ் முதலானோர் 'வில்லை' எனும் கருத்தினூடாக இதற்கு இரு விதிகளை முன்வைத்தனர். திருத்தம் எதுவும் இல்லையெனில் மூலம் மாறலாகாது என்பது ஒன்று. செய்த திருத்தம் மீண்டும் பிரித்தெடுக்கும்போது அவ்வாறே தோன்றவேண்டும் என்பது மற்றையது. விதிகளுக்கமைந்த சிறு வில்லைகளை ஒன்றன்பின் ஒன்றாக இணைப்பின் பெறப்படுவதும் விதிகளுக்கமையும். இது பெரும் பேறெனலாம்.

ஆயினும், புதிய ஊழியர் ஒருவரின் பெயரும் முகவரியும் சேர்க்கப்படின் அவரது சம்பளம் யாது? சூனியம், வெற்றிடம், ஏனையோரின் சராசரி ஆகியவற்றுள் எதனை இட்டாலும் விதிகள் நிறைவேறும். ஒரு பெயர் நீக்கப்படின், திருத்தியவர் கண்டிராத சம்பளப் பதிவும் உடன் அழியலாம். அதனையும் இவ்விதிகள் தடுப்பதில்லை.

மாதிரியுரு உருமாற்றத்துக்கென ஓ.எம்.ஜி. அமைப்பு வகுத்த கியூ.வி.ரி. நியமத்தை 2007இல் ஆராய்ந்த பெர்டிற்றா ஸ்ரீவன்ஸ், அதன் பொருண்மைச் சிக்கல்களைச் சுட்டி, அடிப்படை ஆய்வு மேலும் வேண்டுமென முடிவுசெய்தார். ஏற்கெனவே இசைவாயுள்ளவற்றை உருமாற்றம் தீண்டலாகாது எனும் பண்புக்கு, தீங்கு செய்யாமையை வலியுறுத்திய கிரேக்க வைத்தியர் ஹிப்போகிறட்டீசின் பெயரை அவர் சூட்டியமை பொருத்தமானதே. எனினும் இசைவற்ற நிலையில் எவ்வழியில் இசைவு காண்பது என்பதை இப்பண்பும் நிர்ணயிப்பதில்லை.

விதிகள் முரணின்மையை உறுதிசெய்கின்றன. முரணற்ற பல விடைகளுள் ஒன்றைத் தெரிவது மொழியை வகுத்தவரோ நிரலை எழுதியவரோ ஆவார். அத்தெரிவு கணிதத்தின் போர்வையில் நடுநிலையானதாகத் தோற்றம் பெறுகின்றது. பதிவில் இடம்பெறும் மனிதருக்கோ அது சம்பளம், உரிமை பற்றிய தீர்ப்பாகும். எனவே உருமாற்ற மொழியொன்று விதிகளுக்கு அமைகின்றதா என்பதுடன், விதிகள் மௌனிக்கும் இடத்தில் யாருடைய தெரிவு செயற்படுகின்றது என்பதை அது வெளிப்படக் காட்டுகின்றதா என்பதும் நமது திறனாய்வின் அளவுகோலாதல் வேண்டும்.