உடையாத மண்கட்டி

மரக்கன்று நடும் விழா எதற்குப் போனாலும் ஒரே அறிவுரைதான் காதில் விழுகிறது: "பையைக் கிழிங்க, மண்கட்டி உடையாம அப்படியே குழியில இறக்குங்க." அண்மையில் ஒரு பரிசளிப்பு விழா. ஓராண்டில் அதிகக் கன்றுகள் நட்டவர்களைப் பாராட்டிப் பேசியவரும் இதையே வெற்றியின் சூத்திரமாகச் சொன்னார். அரங்கம் கைதட்டியது, என்னால் முடியவில்லை. இந்த அறிவுரை பாதிதான் சரி. மீதிப் பாதி, நட்ட மரத்தை வளர்ந்த பிறகு சாய்க்கிறது.

சரியான பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். பையில் வளர்த்த கன்றை எங்கும் கொண்டுபோகலாம், மழைக்காகக் காத்திருக்கலாம், நட்டதும் வாடாது. காய்கறியில் குழித்தட்டு செய்திருப்பது பெரிய காரியம். 98 குழிகள் கொண்ட தட்டில் மட்கிய தென்னைநார்க் கழிவை நிரப்பி, குழிக்கு ஒரு விதை போட்டால், 25 நாளில் தக்காளி நாற்று வேர் அறுபடாமல் வயலில் இறங்குகிறது. பப்பாளிக்கும் மண்கட்டி உடையக் கூடாது. இதில் எனக்குச் சண்டை இல்லை.

ஆனால் அங்கே வெற்றிக்குக் காரணம் மண்கட்டியைவிட நாற்றின் வயது. வேர் குழியைச் சுற்றத் தொடங்கும் முன்பே நாற்று வயலுக்குப் போய்விடுகிறது. திருந்திய நெல் சாகுபடியில் 14 நாள் நாற்றை நடச் சொல்வதும் வயதறிந்த அறிவுதான். மரக்கன்றுக்கு மட்டும் இந்தக் கணக்கை மறந்துவிட்டோம். ஓராண்டு, ஈராண்டு ஒரே பையில் கிடந்த கன்றை, ஆளுயரம் இருக்கிறதே என்று ஆசையாக வாங்கிவந்து, மண்கட்டி உடையாமல் நடுகிறோம்.

போன ஐப்பசி மழையில் எங்கள் தெருமுனை வேம்பு சாய்ந்தது. புயல் எதுவும் இல்லை, சாதாரணக் காற்று. ஆறு வருடத்துக்கு முன் நாங்கள் சிலர் சேர்ந்து நட்டது. தொடைப் பருமன் வந்திருந்தது, நிழலும் கொடுத்தது. வேரோடு பெயர்ந்து கிடந்ததைக் குனிந்து பார்த்தேன். அடியில் அந்தப் பழைய பையின் உருவம் அப்படியே இருந்தது. பிளாஸ்டிக்கை அன்றைக்கே கிழித்து எறிந்துவிட்டோம். அது கொடுத்த வடிவம் மட்டும் போகவில்லை. விரல் பருமன் வேர்கள் முறுக்குப் போல ஒன்றன்மேல் ஒன்று சுற்றி, ஒன்றையொன்று நெரித்துக்கொண்டிருந்தன. ஆணிவேர் பையின் அடிவரை போய், மடங்கி, மேல்நோக்கித் திரும்பியிருந்தது. பக்கவாட்டில் மண்ணைப் பிடிக்க ஓடிய வேர்கள் இரண்டோ மூன்றோதான். அந்த மண்கட்டி உடையாமல் இருக்க இரண்டு கையாலும் தாங்கிக் குழிக்குள் இறக்கியவன் நான்.

வேரின் இயல்பு எளிமையானது. அது நீளும், தடை வந்தால் திரும்பும். வழுவழுப்பான பைச்சுவரில் திரும்ப வேறு வழியில்லாததால் சுற்றிக்கொண்டே போகும். இளசாக இருக்கும்வரை இதைச் சரிசெய்யலாம். வேர் மரமாக முற்றியபின் அந்தச் சுருள் விரியாது. நிலத்தில் வைத்த பிறகு புது வேர் வெளியே ஓடினாலும், பழைய சுருள் அடியிலேயே இருந்து ஆண்டுக்காண்டு பருக்கிறது. மரம் தடிக்கத் தடிக்கத் தன் வேராலேயே தன்னை இறுக்கிக்கொள்கிறது.

வேர் அறுபட்டால் கன்று செத்துவிடும் என்ற பயம்தான் இத்தனைக்கும் காரணம். தேக்கைப் பாருங்கள். நாற்றைப் பிடுங்கி, தண்டை வெட்டி, பக்கவேரைச் சீவி, வெறும் குச்சியாக்கி நடுகிறார்கள். மழை விழுந்ததும் தழைக்கிறது. பூவரசைப் போத்து வெட்டி நடுகிறோம்; அதில் வேரே கிடையாது. வெட்டுப்பட்ட வேர் மீண்டும் கிளைக்கும். சுருண்டு முற்றிய வேருக்கு மீட்சி இல்லை. நாமோ வெட்டுக்கு அஞ்சிச் சுருளைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறோம்.

இந்தக் குறை கண்ணில் படாததற்குக் காரணம், நாம் கணக்கெடுக்கும் விதம். நட்ட ஓராண்டு, ஈராண்டில் எத்தனை பிழைத்தன என்று எண்ணுகிறோம். சுருண்ட வேருள்ள கன்று அப்போது நன்றாகத்தான் இருக்கும்; தளதளவென்று இலை விட்டிருக்கும். அது சாயும் வயதில் எண்ண ஆள் இருப்பதில்லை, பரிசும் கொடுத்தாகிவிட்டது. நாற்றங்காலிலும் உயரத்துக்குத்தான் விலை. போன ஆண்டு விற்காத கன்று, அதே பையில் இந்த ஆண்டு கூடுதல் விலைக்குப் போகிறது. பசுமைத் தமிழ்நாடு இயக்கம் 2022இல் தொடங்கியது. மாநிலத்தின் காடு, மரப் பரப்பை 33 விழுக்காடாக்குவது அதன் இலக்கு. நல்ல இலக்கு. நட்டவை நாற்பது ஆண்டு நின்றால்தான் அந்தக் கணக்குக்குப் பொருள் உண்டு.

மாற்று வழி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. ரூட் டிரெய்னர் என்ற குழாய்க்கு உள்சுவரில் நெடுக வரம்புகள் உண்டு, அடி திறந்திருக்கும். வரம்பு வேரைச் சுற்றவிடாமல் கீழே செலுத்துகிறது. அடியில் காற்றுப் பட்டு வேர்நுனி காய்ந்து, மேலே புது வேர்கள் கிளைக்கின்றன. சவுக்கு, தைல மர நாற்றங்கால்களில் இது பழகிய பொருள். நிழல் மரங்களுக்கும் அதைக் கொண்டுவரத் தயக்கம் ஏன்? பனை போன்றவற்றுக்குப் பையே வேண்டாம். விதையை இருக்கவேண்டிய இடத்திலேயே ஊன்றலாம்.

பைக் கன்றுதான் கிடைக்கிறது என்றால், முழங்கால் உயரக் கன்றாகப் பார்த்து வாங்குங்கள். பையைக் கிழித்ததும் மண்கட்டியைச் சுற்றிப் பாருங்கள். வெளியே வேர் வளையம் தெரிந்தால், மேலிருந்து கீழாக மூன்று நான்கு இடத்தில் கத்தியால் கீறுங்கள். அடியில் ஓர் அங்குலத்தை அறுத்து எறியுங்கள். இலையில் கொஞ்சம் குறைத்து, மழைநாளில் நடுங்கள். பத்துப் பதினைந்து நாள் கன்று வாடி நிற்கும். அதைப் பார்த்துக் கலங்காதீர்கள்.

அடுத்த முறை மரம் நடப் போகும்போது மண்வெட்டி, குடத்தோடு ஒரு கத்தியும் எடுத்துக்கொள்ளுங்கள்.