தனிக்குடித்தனமும் வாடகையும்: தமிழ்ப் புனைகதைத் திறனாய்வில் ஒரு விடுபாடு

முன்னுரை

இருபதாம் நூற்றாண்டுத் தமிழ்ப் புனைகதை பற்றிய ஆய்வுகளில் 'கூட்டுக்குடும்பச் சிதைவு' என்னும் தொடர் அடிக்கடி இடம்பெறுகிறது. ஆங்கிலக் கல்வி, தனிமனித உணர்வு, மேலைப் பண்பாட்டுத் தாக்கம், மாமியார் மருமகள் பிணக்கு ஆகியன அச்சிதைவுக்கான காரணங்களாகச் சுட்டப்பெறுகின்றன. வீட்டு வாடகை இக்காரணங்களுள் ஒன்றாக வைத்து எண்ணப்பெறுவது அரிது. புனைகதைகளோ குடியிருக்க இடமின்மையையும், கொடுக்க இயலும் வாடகையைத் தேடி உறவினரைவிட்டு விலகிச் செல்வதையும் வெளிப்படையாகவே பேசுகின்றன. படைப்பில் உள்ள இப்பொருளியல் உண்மையைத் திறனாய்வு ஒழுக்கச் சிக்கலாக மாற்றிவிடுவதால் நேரும் இழப்பை இக்கட்டுரை ஆராய்கிறது.

சொல்லின் சுமை

'குடித்தனம்' என்பது இல்லறம் நடத்துதலைக் குறிக்கும் பொதுச்சொல். அதனோடு 'தனி' என்னும் அடை சேரும்போது சொல்லின் பொருளோடு ஒரு பழியும் சேர்ந்துகொள்கிறது. 'மகன் தனிக்குடித்தனம் போய்விட்டான்' என்னும் பேச்சில் வினைமுதல் மகனே. எனினும் கேட்போர் மனத்தில் குற்றம் சாட்டப்படுபவள் மருமகள். வீட்டின் பரப்பு, வாடகை, பணியிடத்தின் தொலைவு ஆகியவை இப்பேச்சில் மறைந்துபோகின்றன.

தனித்து இல்லறம் நடத்துதல் தமிழ் மரபுக்குப் புறம்பானது என்னும் கருத்துக்கும் இலக்கியச் சான்று இடம் தரவில்லை. சிலப்பதிகாரத்தின் மனையறம்படுத்த காதையில் கோவலனையும் கண்ணகியையும் வேறாக இருந்து இல்லறம் நடத்தச் செய்பவள் கோவலனின் தாயே. செல்வமும் ஏவலரும் உடன் அமைய, மாமியாரே முன்னின்று அமைத்துக் கொடுக்கும் மனை அது. அங்கே பிரிந்திருத்தல் பிணக்கின் விளைவாகக் காட்டப்பெறவில்லை. இல்லறப் பயிற்சியாகவே காட்டப்பெறுகிறது.

அதே இணையர் பொருளிழந்து மதுரையை அடையும்போது நகரின் புறத்தே, ஆயர் குடியில், மாதரியின் அடைக்கலமாகத் தங்குகின்றனர். முதல் மனையில் குறைவற்ற செல்வம் இருந்தது. இரண்டாம் மனையில் அடுத்தவர் அன்பு மட்டுமே இருந்தது. கோவலன் இல்லாத நாள்களில் அறவோரைப் பேணுதல் முதலிய கடமைகளை இழந்து நின்றதையும், தன் துயரை மாமனார் மாமியார் முன் மறைத்ததையும் கண்ணகி எடுத்துரைப்பது கொலைக்களக் காதையில், இந்த இரண்டாம் மனையிலேதான். ஆகவே, தனித்திருத்தல் என்னும் ஒரே நிலை, பொருள் உள்ளபோது ஒன்றாகவும் பொருள் இல்லாதபோது வேறாகவும் அமைவதைத் தமிழ்க் காப்பியம் முன்னரே அறிந்திருந்தது எனலாம்.

அகமரபின் பொருள்வயிற் பிரிவோடு இதனை ஒப்பிட்டால் வேறுபாடு மேலும் தெளிவாகும். அப்பிரிவில் தலைவன் செல்கிறான், மனை நிற்கிறது. இருபதாம் நூற்றாண்டுக் கதைகளில் மனையே பெயர்கிறது. திரும்பி வருவதற்கென்று ஓர் இடம் எஞ்சுவதில்லை.

ஒட்டுக்குடித்தனம்

புதுமைப்பித்தனின் 'ஒரு நாள் கழிந்தது' (1937) எழுத்தையே பிழைப்பாகக் கொண்ட முருகதாசரின் ஒரு நாள் வாழ்வைச் சித்திரிக்கிறது. இக்கதை எழுத்தாளனின் வறுமையைக் கூறுவதாகவே பெரிதும் படிக்கப்பட்டு வந்துள்ளது. ஒரு கட்டடத்தைக் கூறுகூறாகத் தடுத்துப் பல குடும்பங்களை அடைக்கும் சென்னையின் ஒட்டுக்குடித்தன வழக்கத்தை ஆசிரியர் அங்கதமாக விரித்துரைப்பதை அவ்வாசிப்பு போதிய அளவு கருத்திற் கொள்ளவில்லை. முருகதாசர், மனைவி கமலம், மகள் அலமு ஆகிய மூவரே அங்கே குடும்பம். அவ்விடத்தில் நான்காமவருக்கு இடமில்லை. கடைக்காரருக்குத் தர வேண்டிய பாக்கி, நண்பரிடம் வாங்கும் கைமாற்று ஆகியவற்றின் நடுவே, உறவினர் செய்திருக்கக்கூடிய உதவியின் இடத்தைக் கடன் நிரப்புகிறது.

'செல்லம்மாள்' (1943) இந்நிலையின் இறுதி எல்லையைக் காட்டுகிறது. உற்றார் உறவினர்க்குப் பல நூறு மைல் தொலைவில், கணவன் ஒருவனே உடனிருக்கச் செல்லம்மாள் இறக்கிறாள். துணிக்கடை வேலைக்குச் சென்று இருட்டிய பின் திரும்பும் பிரமநாயகம் பிள்ளையே சமைக்கிறார், மருந்து கொடுக்கிறார், இறந்த உடலுக்கும் அவரே பணி செய்கிறார். கணவன் மனைவி அன்பின் உச்சமாக இக்கதை போற்றப்படுவது பொருத்தமே. எனினும் அவ்வன்பு இத்தனை வேலைகளைத் தனியே சுமக்க நேர்ந்தது ஏன் என்னும் வினா எழுப்பப்பட வேண்டும். ஊரில் தாயும் உடன்பிறந்தாரும் அண்டை வீட்டுப் பெண்களும் பகிர்ந்து கொள்ளும் பணிகள் அவை. ஊருக்கு ஒருமுறை போய்வர வேண்டும் என்னும் செல்லம்மாளின் விருப்பத்தை வெறும் ஏக்கமாக மட்டும் கொள்வது போதாது. நோயாளி ஒருத்தி தனக்குத் தேவையான துணையைச் சரியாகவே அறிந்து கேட்பதாகவும் அதனைக் கொள்ளலாம்.

உறவின் இடத்தில் அண்டை வீடு

அசோகமித்திரனின் 'தண்ணீர்' (1973) நாவலில் ஜமுனா, சாயா என்னும் உடன்பிறந்தாள் இருவரும் சென்னையில் வாடகைக் குடித்தனத்தில் வாழ்கின்றனர். சாயாவின் கணவன் படையில் இருக்கிறான். நோயுற்ற தாய் வேறிடத்தில் இருக்கிறாள். ஒரு குடும்பம் பல கூரைகளின் கீழ்ச் சிதறிக் கிடக்கிறது. தண்ணீர்ப் பஞ்சத்தைக் குறியீடாக விளக்கும் வாசிப்புகள், நாவலில் அது முதலில் குடியிருப்புச் சிக்கல் என்பதை மறந்துவிடுகின்றன. நீர் வராத குழாய் வாடகை வீட்டின் குழாய். அதன்மீது குடியிருப்போருக்கு உரிமை குறைவு. ஜமுனா தளரும்போது அவளை நிமிர்த்துபவர் அண்டையிலுள்ள டீச்சரம்மா. உறவு விட்டுச்சென்ற இடத்தை அண்டைமை நிரப்புவதை இந்நாவல் மிகையின்றிக் காட்டுகிறது.

வெகுமக்கள் கலையில் வேறொரு போக்கு காணப்படுகிறது. விசுவின் 'சம்சாரம் அது மின்சாரம்' (1986) திரைப்படத்தில் வீட்டின் நடுவே கோடு கிழிக்கப்படுவது பணத்தைப் பற்றிய மனவேறுபாட்டால். இறுதியில் தனித்து வாழும் முடிவை மூத்த மருமகளே கண்ணியமாக எடுக்கிறாள். தனிக்குடித்தனத்தின் பழியை இப்படம் நீக்க முயன்றது குறிப்பிடத்தக்கது. ஆனால் தனி வீட்டுக்கான வாடகை அதன் மையச் சிக்கல் அன்று. இரண்டே ஆண்டுகளுக்குப் பின் வந்த பாலுமகேந்திராவின் 'வீடு' (1988) அதனையே மையமாக்கியது. குடியிருக்கும் வீட்டைக் காலி செய்யுமாறு கூறப்பட்ட சுதா, தாத்தாவோடும் தங்கையோடும் சேர்ந்து வாழவே வீடு கட்ட முனைகிறாள். குடும்பத்தைப் பிரிப்பது மனமன்று, இடமின்மையே என்பதை இப்படம் நிறுவியது.

வரலாற்றுப் பின்புலம்

1960ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியிருப்போருக்குப் பாதுகாப்பளித்தது. எனினும் வாடகை பாக்கி, உரிமையாளரின் சொந்தத் தேவை முதலிய காரணங்களுக்காக வெளியேற்றவும் அது இடமளித்தது. 2017ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2019இல் நடைமுறைக்கு வந்தபின் வாடகை இருதரப்பு ஒப்பந்தத்தின் வழி அமைவதாயிற்று. மும்பையில் மாட்டுங்காவில் வேரூன்றிய தமிழ்க் குடும்பங்களின் அடுத்த தலைமுறை செம்பூர், முலுண்டு, டோம்பிவிலி எனப் பரவியதும், தில்லியில் கரோல்பாகிலிருந்து பலர் யமுனைக்கு அப்பால் மயூர் விகாருக்குச் சென்றதும் இதே போக்கின் பிற வடிவங்கள். தமிழகத்திற்கு வெளியே எழுதப்பட்ட தமிழ்க் கதைகளைப் பயில்வோர் இவ்விடப்பெயர்களைக் கதைக்களமாக மட்டும் கொள்ளாது, அங்குக் குடியேறியதன் காரணத்தையும் வினவுதல் வேண்டும்.

இவ்வாதத்திற்கு எல்லைகளும் உள. வாடகை ஒன்றே காரணம் என்பது மற்றொரு மிகையாகும். பல பெண்களுக்குத் தனிக்குடித்தனம் ஒரு விடுதலையாகவும் அமைந்தது. சாதியாலும் மதத்தாலும் வீடு மறுக்கப்படுவோருக்குப் பணமிருந்தும் இடமில்லை. சென்னையின் உட்பகுதிகளிலிருந்து அகற்றப்பட்டுப் பழைய மாமல்லபுரம் சாலையருகே கண்ணகி நகரில் குடியமர்த்தப்பட்டோர் விலகிச் சென்றோர் அல்லர், விலக்கப்பட்டோர். நகருக்குப் புறத்தே அமைந்த அக்குடியிருப்புக்குக் கண்ணகியின் பெயர் வாய்த்திருப்பது, மதுரைப் புறத்தே அவள் தங்கிய மனையை நினைவூட்டாமற் போகாது.

முடிவுரை

கூட்டுக்குடும்பம் உடைந்ததற்கு மனிதரின் மனக்குறுக்கத்தைக் காரணமாக்கும் வாசிப்பு, பழியை எளிதில் மருமகள்மீது இறக்கிவைக்கிறது. வாடகையையும் தொலைவையும் கணக்கிற் கொள்ளும் வாசிப்பு அப்பழியை விலக்குவதோடு, கதைமாந்தரின் அன்பையும் அதன் உண்மையான அளவில் காட்டுகிறது. பிரமநாயகம் பிள்ளையும் முருகதாசரும் உறவை வேண்டாமென்று துறந்தவர் அல்லர். அவர்களால் வாடகை கொடுக்க முடிந்த இடத்தில் உறவினர்க்கு இடமில்லை. கதைமாந்தரின் குணத்தை ஆராய்வதற்குமுன் அவர்கள் எவ்வீட்டில், எத்தனை பேருடன், என்ன வாடகைக்கு வாழ்ந்தனர் என்று வினவுவது தமிழ்ப் புனைகதை ஆய்வுக்கு இன்றியமையாதது.