"நாம்" என்பதும் "நாங்கள்" என்பதும்

விளையாட்டுத் திடலில் வழங்கும் மொழி புலவர்களின் கவனத்தை அரிதாகவே பெறுகிறது. ஆயினும் மக்கள் உள்ளம் ஒளிவு மறைவின்றி வெளிப்படும் இடங்களுள் அதுவும் ஒன்று. பேரா மாநிலக் காற்பந்துக் குழு வென்ற மறுநாள் ஈப்போவின் காப்பிக் கடைகளில், "நேற்று நாம் ஜெயித்துவிட்டோம்" என்று பேசிக்கொள்வார்கள். தோற்ற மறுநாள் அதே மேசையில் அதே மனிதர்கள், "நேற்று அவர்கள் கோட்டை விட்டுவிட்டார்கள்" என்பார்கள். குழு மாறவில்லை, ரசிகரும் மாறவில்லை. மாறியது சுட்டுப் பெயர் ஒன்றே.

இது நம் ஊர் வழக்கம் மட்டுமன்று. அமெரிக்க உளவியலறிஞர் ராபர்ட் சால்டீனியும் அவருடைய துணைவர்களும் 1976இல் வெளியிட்ட ஆய்வில் இதனைக் காட்டினர். பல்கலைக்கழகக் குழு வென்றதைப் பேசும் மாணவர்கள் தம்மையும் சேர்த்துத் தன்மைப் பன்மையில் பேசினர். தோல்வியைப் பேசும்போது அந்த நெருக்கம் குறைந்தது. இதனைக் கொண்டு ரசிகனை நன்றி மறந்தவன் என்று கூறுவோர் பலர். அக்கூற்று முற்றும் பொருந்துமா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

தமிழுக்கு இவ்வாராய்ச்சியில் ஒரு தனி வசதி உண்டு. ஆங்கிலத்தில் ஒரே சொல்லால் சுட்டப்படும் தன்மைப் பன்மை தமிழில் இரண்டாகப் பிரிகிறது. கேட்போரையும் உள்ளடக்குவது "நாம்". கேட்போரை விலக்கி நிற்பது "நாங்கள்". இவ்வாறு பிறரை உட்படுத்திக் கூறுவதை உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என நம் இலக்கண நூலார் வழங்குவர். மலாய் மொழியிலும் இவ்வேறுபாடு உண்டு. "கீத்தா" என்றால் நாம். "காமி" என்றால் நாங்கள். ஆகவே இந்நாட்டின் இரு பெரு மொழிகளில் பேசுவோர், தம்மை யார் உட்படுத்துகின்றனர், யார் விலக்குகின்றனர் என்பதைச் செவியாலேயே அறிந்துகொள்ள வல்லவர்கள். ரசிகனின் மனக்குறையை அளக்க இதனினும் சிறந்த கோல் வேறில்லை எனலாம்.

இக்கோலைக் கொண்டு, 2016ஆம் ஆண்டு சனவரியில் வெளிவந்த "ஓலா போலா" என்னும் மலேசியத் திரைப்படத்தை நோக்குவோம். சியூ கெங் குவான் இயக்கிய இப்படம், 1980ஆம் ஆண்டில் மாஸ்கோ ஒலிம்பிக் போட்டிக்குத் தகுதி பெற்ற மலேசியக் காற்பந்துக் குழுவைத் தழுவிப் புனையப்பட்டது. ஒன்றாக வெல்வோம், ஒன்றாகத் தோற்போம் என்பது அதன் கொள்கை. வெளிவந்து பல ஆண்டுகள் ஆகியும், ஒற்றுமை குறித்து வகுப்பில் பேச விரும்பும் ஆசிரியர்க்கு முதலில் நினைவுக்கு வரும் படம் இதுவாகவே இருக்கிறது.

படத்தின் சிறப்புகளை முதலில் கூறுதல் முறை. மலாய், சீனம், ஆங்கிலம், தமிழ் ஆகிய மொழிகள் அவரவர் வாயில் இயல்பாக வருகின்றன. தந்தையின் தேங்காய்த் தொழிலுக்கும் பந்துக்கும் இடையே அல்லாடும் முத்துக்குமார் என்னும் கோல் காவலர், நம் திரைகளில் வழக்கமாகத் தோன்றும் கோமாளித் தமிழர் அல்லர். மானமும் பொறுப்பும் உடைய இளைஞர். அப்பாத்திரத்தைக் காணும் எவர்க்கும் ஆறுமுகம் நினைவுக்கு வருவார். சிலாங்கூருக்கும் நாட்டுக்கும் கோல் காத்த அவரை, நீண்ட கைகளின் பொருட்டு "ஸ்பைடர்மேன்" என்று மக்கள் அழைத்தனர். 1988 டிசம்பரில் சாலை விபத்தில் அவர் மறைந்தார். அவரைக் கண்டிராத தலைமுறைக்கு அவர் நிழலையேனும் காட்டியது படம் செய்த நற்பணி.

வரலாற்றைப் படம் மாற்றியிருக்கிறது என்று குறை கூறுவாரும் உளர். 1980 ஏப்ரல் 6ஆம் நாள் மெர்டேக்கா அரங்கத்தில் மலேசியா தென் கொரியாவை வென்றது 2-1 என்னும் கணக்கில், படத்திலோ 3-2. உண்மையில் விளையாடிய சோ சின் ஆன், சந்தோக் சிங், ஹசான் சானி, ஜேம்ஸ் வோங் ஆகியோரின் பெயர்கள் மாற்றப்பட்டுள்ளன. ஹசான் சானி கொடுத்த பந்தை ஜேம்ஸ் வோங் வலைக்குள் சேர்த்தார். இருவரும் சபா மாநிலத்தவர். இம்மாற்றங்களை நான் பெருங்குறையாகக் கொள்ளேன். புனைவோனுக்கு அவ்வுரிமை உண்டு.

என் குறை வேறிடத்தது. வென்ற குழு மாஸ்கோவுக்குச் செல்லவில்லை. 1979 டிசம்பரில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானத்தில் புகுந்தன. அதனைக் கண்டித்து அமெரிக்க அதிபர் கார்ட்டர் விடுத்த அழைப்பை ஏற்று ஒலிம்பிக்கைப் புறக்கணித்த நாடுகளுள் மலேசியாவும் ஒன்று. மலேசியாவின் இடத்தில் ஈராக் சென்று, காலிறுதி வரை முன்னேறியது. அன்று தொட்டு இன்றுவரை மலேசியக் காற்பந்துக் குழு ஒலிம்பிக்குக்கு மீண்டும் தகுதி பெறவில்லை. 1972இல் மியூனிக்கில் ஆடியதே முதலும் கடைசியுமாக நிற்கிறது.

இப்புறக்கணிப்பைப் படம் மறைத்துவிடவில்லை, சொல்லத்தான் செய்கிறது. ஆனால் கதையின் உச்சத்தைக் கொரியாவை வென்ற கணத்தில் வைத்துவிட்டு, இழப்பை அவ்வொளியிலே கரையவிட்டுவிடுகிறது. முடிவு செய்தவர் யாவர்? ஆடியவர்களிடம் எவரேனும் கேட்டனரா? அரங்கத்தில் தொண்டை வறளக் கத்திய ஆயிரமாயிரவர் என்ன எண்ணினர்? இவ்வினாக்கள் எழும் இடத்தில் படம் இசையை உயர்த்திவிடுகிறது. புறக்கணிப்பு தவறென்று நான் வாதிட வரவில்லை. ஒரு சிறு நாட்டின் மீது பெருநாடு படையெடுத்ததைக் கண்டித்தல் அறமே. ஆயினும் வெல்லும் வரை "நாம்" என்று பேசிய நாடு, கைவிடும்போது "நாங்கள் முடிவு செய்துவிட்டோம்" என்று பேசியது. உளப்பாடு விலக்காக மாறிய அக்கணமே இக்கதையின் உண்மையான உச்சம். அதனைத் தொடாமற் போனதால், படம் ஒரு நல்ல வெற்றிக் கதையாக நின்று, பெருங்கதையாக உயரத் தவறிவிட்டது.

"விளையாட்டில் அரசியலைக் கொண்டு வராதீர்" என்று சொல்வோர்க்கு வரலாறு விடை கூறும். இந்நாட்டில் காற்பந்து அரசியலின் மடியிலேயே வளர்ந்தது. துங்கு அப்துல் ரஹ்மான் 1951 முதல் 1974 வரை மலாயா, பின்னர் மலேசியக் காற்பந்துச் சங்கத்தின் தலைவராக இருந்தார். 1957 முதல் 1970 வரை நாட்டின் பிரதமரும் அவரே. 1957இல் தொடங்கிய மெர்டேக்கா போட்டி அவர் ஊக்கத்தால் விளைந்தது. மாநிலச் சங்கங்களிலும் மந்திரி புசார்களும் அரசியல் தலைவர்களும் தலைமை ஏற்பது நெடுங்காலம் வழக்கமாயிற்று. அவ்வாதரவு பல நன்மைகளைச் செய்தது என்பதை மறுத்தல் நன்றியன்று. அதே ஆதரவு, குழுவின் நலத்தை ஆட்சியின் நலத்தோடு பிணைத்துவிட்டது என்பதையும் மறைத்தல் நேர்மையன்று.

பேராவின் கதை இதற்கு நல்ல சான்று. 1926, 1931, 1957, 1967, 1970, 1998, 2000, 2018 என எட்டு முறை மலாயா, மலேசியக் கிண்ணத்தை வென்ற குழு இது. 2002, 2003 ஆகிய இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து லீக் வாகையும் சூடியது. 2018 இறுதியாட்டத்தில் திரங்கானுவுடன் 3-3 எனச் சமநிலை கண்டு, பினால்டியில் 4-1 என வென்ற இரவைப் பேரா மக்கள் மறவார். மூன்றே ஆண்டுகளில், 2021இல், ஆட்டக்காரர்களுக்குச் சம்பள நிலுவை என்னும் பேச்சுக்கிடையே, அக்குழு சூப்பர் லீக்கிலிருந்து கீழிறங்கியது. பிறகு தனியார் நிறுவனத்தின் கைக்குச் சென்றது, மீண்டும் மேலேறியது, 2025-26 பருவத்தின் சூப்பர் லீக்கில் இடம்பெறாமலே ஒழிந்தது. குழு சங்கத்தினுடையதாக இருந்தபோதும், நிறுவனத்தினுடையதாக ஆனபோதும், மூடப்பட்டபோதும், சீட்டு வாங்கி உட்கார்ந்தவனை எவரும் கலந்துகொள்ளவில்லை. "நம் குழு" என்ற விளம்பரம் மட்டும் இறுதிவரை ஒலித்தது.

அதே ரசிகன் வாக்காளனாக நின்றபோது கண்டதும் இதுவே. 2009 பிப்ரவரியில் மூன்று சட்டமன்ற உறுப்பினர் அணி மாறியதால், ஓராண்டுக்கு முன் மக்கள் தேர்ந்த பேரா அரசு தேர்தலின்றியே கவிழ்ந்தது. 2020இலும் தேர்தலின்றியே ஆட்சி கைமாறியது. கட்சி தாவுவோரைத் "தவளை" என்று நாட்டார் ஏசினர். 2022இல் அரசியலமைப்பைத் திருத்தித் தாவலுக்குத் தடை வந்தது. வாக்களிக்கும் நாளில் நாம். ஆட்சி அமைக்கும் நாளில் நாங்கள். ஈப்போவின் காப்பிக் கடையில் காற்பந்தைப் பற்றிய புலம்பலும் அரசியலைப் பற்றிய புலம்பலும் ஒரே மூச்சில் வருவது வியப்பன்று. இரண்டும் ஒரே புண்ணின் வலி.

இப்புண் தோட்டப்புறத்துத் தமிழர்க்கு இன்னும் ஆழமானது. 2025 ஜூன் 10ஆம் நாள் மலேசியா வியட்நாமை 4-0 என வென்றபோது நாடே களித்தது. செப்டம்பரில் அனைத்துலகக் காற்பந்துச் சம்மேளனமாகிய ஃபீஃபா, மலேசியாவுக்கு ஆட வந்த எழுவரின் பாட்டன் பாட்டிமார் இந்நாட்டில் பிறந்ததாகக் காட்டிய தாள்கள் திரிக்கப்பட்டவை என்று கூறி, அவர்களை 12 மாதம் விலக்கியது. மலேசியக் காற்பந்துச் சங்கத்துக்கு 3,50,000 சுவிஸ் ஃபிராங்க் தண்டம் விதித்தது. நவம்பரில் ஃபீஃபாவின் முறையீட்டுக் குழுவும் அம்முடிவை உறுதிசெய்தது.

இச்செய்தியைப் படித்தபோது, தோட்டப் பள்ளிகளில் பணியாற்றிய எங்களுக்கு நினைவு வேறெங்கோ சென்றது. லயத்து வீட்டில் மருத்துவச்சி கையில் பிறந்து பதிவு பெறாதவர், பெற்றோரின் திருமணம் பதிவாகாததால் சான்றிதழில் குறை உடையவர், 1957க்குப் பின் குடியுரிமைக்கு மனுச் செய்யத் தெரியாமல் சிவப்பு அடையாள அட்டையோடு முதுமை எய்தியவர் எனப் பலரை நாங்கள் அறிவோம். பாட்டன் வெட்டிய பால்மரம் செம்பனையாக மாறிவிட்டது. பேரனின் பாரம் இன்னும் அலுவலக மேசையில் கிடக்கிறது. 2011இல் "மைடஃப்தார்" என்னும் பதிவியக்கம் இந்தியர்க்காக நடத்தப்பட வேண்டியிருந்ததே இக்குறையின் பரப்பைக் காட்டும். ஒரு வெற்றிக்காகப் பாட்டனாரின் பிறப்பிடத்தை விரைவாகக் கண்டுபிடிக்க முடிகிறது; உண்மையாகவே இம்மண்ணில் பிறந்த பாட்டனாரின் தாளைக் கண்டுபிடிக்க ஒரு தலைமுறை போதவில்லை. "கீத்தா" என்னும் சொல்லின் எல்லையை யார் வகுக்கின்றனர் என்னும் வினா, நமக்கு இலக்கண வினா மட்டுமன்று.

திரைப்படம் ஒன்றை விமரிசிக்க இவ்வளவு தூரம் செல்ல வேண்டுமா, கலை மகிழ்விப்பதோடு நின்றால் ஆகாதா என்று வினவலாம். மகிழ்விக்கும் கலைக்கு நான் பகைவன் அல்லேன். ஆனால் ஒற்றுமையைக் கருவாகக் கொள்ளும் படைப்பு, ஒற்றுமை எங்கே முறிகிறது என்பதையும் காட்டக் கடமைப்பட்டது. முறியும் இடத்தை மூடிவிட்டு ஒட்டும் இடத்தை மட்டும் காட்டினால் அது அறிவுரையாகும், இலக்கியமாகாது. சீற்றங்கொண்ட ரசிகனை, ஒற்றுமை உணர்ச்சி ஊட்டித் திருத்த வேண்டியவனாகவே "ஓலா போலா" காண்கிறது. சீற்றமே அவனுடைய உரிமைக் குரல் என்று அது காணவில்லை. அக்கறை அற்றவன் சீற்றங்கொள்ளான்; திடலுக்கே வாரான். திட்டிக்கொண்டாவது வருகிறவன், தன்னை இன்னும் "நாம்" என்பதற்குள் எண்ணிக்கொண்டிருப்பவன்.

ஆசிரிய நண்பர்கள் இப்படத்தை மாணாக்கர்க்குக் காட்டலாம், காட்ட வேண்டும். காட்டிய பின் இரண்டு வினாக்களை எழுப்புதல் நன்று. இக்கதையில் "நாம்" என்று பேசுகிறவர் யார்? அவர் "நாங்கள்" என்று மாற்றிப் பேசும் இடம் எது? இவ்விரண்டுக்கும் விடை காணும் மாணவன், உளப்பாட்டுத் தன்மைப் பன்மையைத் தேர்வுக்காக மனனம் செய்ய வேண்டியதில்லை. நாளை அவன் வாக்குச் சாவடிக்குச் செல்லும்போதும், பேரா மறுபடி ஒரு குழுவைத் திடலில் இறக்கும்போதும், அவ்விலக்கணம் அவனுக்குத் துணை நிற்கும்.